ஸகியாவின் விளக்குக்கு வந்த எண்ணெய்

அத்தியாயம் ஏழு

துப்பறியும் ஸைனுலாப்தீனின் மூக்கைப் பற்றி இந்தக் கரையோரத்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அட்டாளைச்சேனையில் அடுப்பில் வேகும் இறைச்சி எந்த ஊரில் களவு போன மாட்டினுடையது என்பதை, கல்முனைக்குடியில் தன் வீட்டு வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவார். அது பிழை என்று இதுவரை ஒருவரும் நிரூபித்ததில்லை. நிரூபிப்பதற்குக் கறி மிஞ்சியிருக்க வேண்டுமே.

அந்த மூக்கை ஊர் நம்பியதால்தான் சில்லறைக் கடை அப்துல் கபூர் இப்போது பொலிஸ் கூட்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

நடந்தது இவ்வளவுதான். மின்வெட்டுக் காலம். தையல்காரி ஸகியா மஃரிபு தொழுதுவிட்டு வந்து குப்பி விளக்கில் எண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தாள். விளக்கு வெடித்தது. அவளுடைய வலது கை, கத்தரிக்கோல் பிடிக்கிற கை, முழங்கை வரை வெந்துபோயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவளிடம் ஸைனுலாப்தீன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: எந்தக் கடை எண்ணெய்? அவளும் யோசிக்காமல், கபூர் நானாட கடை எண்ணெய்தான் என்றாள். உடனே கடைக்குப் போனார். மண்ணெண்ணெய்ப் பீப்பாவின் மேல் குனிந்து மூச்சை இழுத்தார். பெற்றோல் மணம் குப்பென்று ஏறியது. சுற்றி நின்ற சனத்துக்கு அதற்கு மேல் ஆதாரம் தேவைப்படவில்லை. பெற்றோலைக் கலந்து விற்று ஒரு பெண்ணின் கையை எரித்துவிட்டான் என்று கடைக் கண்ணாடிக்குக் கல் விழுந்தது. பொலிஸ் வந்து கபூரை அள்ளிக்கொண்டு போனது.

அத்தோடு வழக்கு முடிந்திருக்கும். ஆனால் இன்று காலை கூட்டுக் கம்பியைப் பிடித்தபடி கபூர் ஒரு வார்த்தை சொன்னார்.

"அந்தப் பீப்பா எண்ணெயிலதான் என்ட வீட்டு விளக்கும் எரியிது. என்ட புள்ளைகள் அந்த வெளிச்சத்திலதான் குர்ஆன் ஓதுதுகள். நான் கலந்திருந்தா முதல்ல வெந்திருக்க வேண்டியது ஆரு?"

ஸைனுலாப்தீன் காப்புறுதிக் கம்பனியில் சேதம் மதிப்பிட்டு ஓய்வு பெற்றவர். பொய் சொல்கிறவர்கள் காரணங்களை அடுக்குவார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள் என்பது அந்த உத்தியோகத்தில் அவர் கற்ற ஒரே பாடம். கபூர் கேட்டது கேள்வி. அது அவருடைய காலைச் சாப்பாட்டில் விழுந்து, பிட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். பொலிஸ் பொறுப்பதிகாரியிடம் போய்க் கெஞ்சினார். பின்நேரம் நீதவான் முன் நிறுத்தினால் ஆள் மட்டக்களப்பு மறியல் சிறைக்குப் போய்விடுவான், அஸர் தொழுகைக்கு முன் வேறு ஆதாரம் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

ஆகவே ஸைனுலாப்தீன் தன் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஜெமீலின் ஓட்டோவில் ஏறினார். கல்முனையில் ஏன் மழைக்கோட்டு என்று கேட்காதீர்கள். துப்பறிகிறவர் கோட்டுப் போட வேண்டும் என்று அவர் எங்கோ படித்திருந்தார். மழை வந்தால் அதைக் கழற்றி, நனையாமல் ஓட்டோவின் பின்சீட்டுக்குக் கீழே மடித்து வைப்பார்.

ஜெமீல் அவருடைய தங்கை ரஹ்மத்தும்மாவின் கணவன். ஊர் வழக்கப்படி பெண் வீட்டுக்கு வந்து குடியேறிய மாப்பிள்ளை. அந்த வீட்டு வேலிக்கு மறுபக்கம்தான் ஸகியாவின் வீடு. தொழில் ஓட்டோ ஓட்டுவது, உபதொழில் மச்சானுக்குத் துப்பறிய உதவுவது. இரண்டிலும் அவனுக்கு வாய்தான் முன்னுக்கு ஓடும். ஒரு தடவை பொத்துவில் வீதியில் பெற்றோல் முடிந்தபோது, பின்னால் வந்த உழவு இயந்திரக்காரனிடம் கதை கொடுத்தே கோமாரி வரைக்கும் இழுபட்டுப் போனவன். உழவு இயந்திரக்காரனின் வீடு உண்மையில் எதிர்த்திசையில் இருந்தது.

அன்று சனிக்கிழமை. ஸைனுலாப்தீன் கேட்டுக்கொண்டபடி, பாடசாலை ஆய்வுகூடத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தவர் காரைதீவைச் சேர்ந்த இரசாயன ஆசிரியை தர்சினி. கபூரின் கடைப் பீப்பாவிலிருந்து எடுத்த எண்ணெயில் பாதியை ஜெமீல் ஒரு சின்னப் போத்தலில் ஊற்றிக்கொண்டு வந்தான். மிச்சம் பெரிய போத்தலோடு ஓட்டோவிலேயே இருந்தது. ஸைனுலாப்தீன் கையில் பிடித்து வந்தது ஸகியாவின் வீட்டுப் போத்தல். வெடித்த விளக்குக்கு ஊற்றியது போக அடியில் கொஞ்சம் கிடந்தது.

தர்சினி ஒரு முகவையில் தண்ணீர் எடுத்து ஸ்பிரிட் விளக்கின் மேல் வைத்தார். விரல் அளவான ஒரு குழாயில் கபூரின் கடை எண்ணெயை விட்டு, அதற்குள் ஒரு பக்கம் மூடிய மயிர்த்துளைக் குழாய் ஒன்றைத் தலைகீழாக இறக்கினார். அதை வெப்பமானியோடு சேர்த்து றப்பர் வளையத்தால் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டார்.

"என்ன டீச்சர், எண்ணெய்க்குக் காய்ச்சல் பாக்கிறீங்களா?" என்றான் ஜெமீல். "ரெண்டு பனடோல் வாங்கிட்டு வரட்டா?"

"காய்ச்சல்தான் ஜெமீல். ஒவ்வொரு திரவத்துக்கும் ஒரு சூடு இருக்கு. அதுக்கு மேல போனா அதால இருக்க ஏலாது, கொதிச்சு எழும்பி ஓடிரும். தண்ணிக்கு அது நூறு பாகை. மண்ணெண்ணெய்க்கு எவ்வளவோ கூட. பெற்றோல் தண்ணி கொதிக்க முந்தியே ஓடத் தொடங்கிரும்."

கலப்பிருந்தால் அந்த மயிர்த்துளைக் குழாயின் வாயிலிருந்து குமிழ்கள் மாலை கோத்த மாதிரி விடாமல் வரும், இல்லாவிட்டால் தண்ணீர் கொதித்தாலும் எண்ணெய் சும்மா இருக்கும் என்று அவர் விளக்கினார். ஸைனுலாப்தீனுக்கு இது நன்றாகப் பிடித்தது. இப்படி ஒரு மனிதனைச் சூடாக்கிப் பார்க்க வழி இருந்தால் பொலிசே தேவையில்லை என்றார். அவரைச் சூடாக்கினால் மூக்குத்தான் முதலில் ஓடும் என்று ஜெமீல் பதில் வைத்தான்.

வெப்பமானியில் பாதரசம் ஏறியது. அறுபது. எழுபது. எண்பது. தண்ணீர் கொதித்து முகவை தடதடவென்று ஆடியது. குழாய்க்குள் கபூரின் எண்ணெய், வீதிக்கு நடுவே படுத்த எருமை மாதிரி, அசையாமல் கிடந்தது.

"சுத்தமான மண்ணெண்ணெய் நானா" என்றார் தர்சினி.

ஸைனுலாப்தீன் பிள்ளைகள் உட்காரும் உயர ஸ்டூலில் மெதுவாக ஏறி உட்கார்ந்தார். அவருக்கு நினைவு வந்தது பீப்பாவின் மூடி. அவர் மணந்து பார்க்கப் போனபோது, கோட்டில் எண்ணெய் பிரளக் கூடாதென்று கபூர் தன் தோளிலிருந்த துவாயை எடுத்து அந்த மூடியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை துடைத்துவிட்டுத்தான் விலகி நின்றார். அந்த மனிதனைத்தான் ஊர் பார்க்க அவர் குற்றவாளி என்றார்.

அப்படியென்றால் மூக்கு எதை மணந்தது?

இதற்கு விடை கண்டது துப்பறிகிறவர் அல்ல. தர்சினி அவருக்கு அருகே வந்து, கொஞ்சம் தயங்கி, கோட்டைக் கழற்றித் தரச் சொன்னார். வாங்கி ஒரு தடவை முகர்ந்தார்.

"பெற்றோல் மணம் பீப்பாவில இருந்து வரல்ல நானா. இதுல இருந்துதான் வந்திருக்கு."

பின்சீட்டுக்குக் கீழே டாங்கிக் குழாய் கசிகிற இடத்தில் மாதக்கணக்காக மழைக்கு மழை மடிந்து கிடந்த கோட்டு அது. ஸைனுலாப்தீன் கபூரின் பீப்பாவுக்கு மேல் குனிந்து தன் காலரைத்தான் மணந்திருக்கிறார். ஒருவர் சோலிக்கும் போகாத ஒரு மனிதனை ஒரு கோட்டுக் காலர் கூட்டுக்குள் தள்ளியிருக்கிறது. மாடுகளைப் பற்றி அவர் இதுவரை சொன்ன தீர்ப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கண்முன் வந்து நின்றன. நல்ல வேளை, மாடுகள் பேசுவதில்லை.

இரண்டாவது குழாய் தண்ணீருக்குள் இறங்கியது. இது ஸகியாவின் போத்தல். சூடு எழுபதைத் தொட முன்பே குமிழ்கள் வரத் தொடங்கின. முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு எண்ண முடியாத மாலை.

"டீச்சர், இந்தச் சாமானெல்லாம் பழசு" என்றான் ஜெமீல். "வெப்பமானிக்கும் வயசு போனா அறளை பேரும், கணக்கு மறந்திடும்."

"முதல் குழாய்க்கு இதே வெப்பமானிதான் ஜெமீல். அப்ப நீங்க ஒண்டும் செல்லல்லயே" என்றார் ஸைனுலாப்தீன். ஜெமீலை அவர் 'நீங்க' என்றது கலியாணத்தன்றைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. ஏன் அப்படி வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

கடையில் சுத்தமான எண்ணெய். வீட்டில் கலப்பு எண்ணெய். இரண்டுக்கும் இடையில் எங்கேயோ பெற்றோல் புகுந்திருக்கிறது. எந்தக் கடை எண்ணெய் என்று கேட்ட நான், யார் கொண்டுவந்து தந்தது என்று கேட்கவில்லையே என்று ஸைனுலாப்தீன் தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். இதற்கிடையில் தர்சினி ஸகியாவின் எண்ணெயில் ஒரு துளியை வடிதாளில் விட்டுக் காற்றில் பிடித்தார். துளி பரவி ஓரம் காய, நடுவில் மெல்லிய பச்சை வட்டம் ஒன்று மிஞ்சியது. கபூரின் எண்ணெய்த் துளியில் அந்தப் பச்சை இல்லை.

அது என்னவென்று ஓட்டோவில் ஏறி இறங்கிய எவருக்கும் தெரியும். ஓட்டோக்காரர்கள் பெற்றோலோடு கலந்து ஊற்றுகிற பச்சை ஓயில்.

கல்முனையில் ஓட்டோக்களுக்குப் பஞ்சமில்லை. சந்தைச் சந்தியில் நின்று ஒரு தும்மல் தும்மினால் நான்கு ஓட்டோ வந்து நிற்கும். ஸைனுலாப்தீன் அப்போது ஒருவரையும் சந்தேகிக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும் என்பதற்காக மட்டும், ஓட்டோ டாங்கியிலிருந்து கொஞ்சம் பெற்றோல் எடுத்துவரும்படி ஜெமீலிடம் சொன்னார்.

ஜெமீல் போனான். போனவன் லேசில் வரவில்லை. வந்தபோது சின்னப் போத்தலை மேசையில் வைத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக, யன்னலருகே போய் நின்றான்.

மூன்றாவது குழாய். அறுபது. எழுபது. எண்பது. ஸைனுலாப்தீன் குமிழ்களை எதிர்பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். தொண்ணூறு. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. குழாய்க்குள் ஒரு குமிழும் இல்லை. வடிதாளில் பச்சையும் இல்லை.

தர்சினி வெப்பமானியைப் பார்த்தார். யன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தின் கீழே நின்ற ஓட்டோவைப் பார்த்தார். பிறகு முகவையைத் துணியால் பிடித்து இறக்கி வைத்தார்.

"ஜெமீல்" என்றார் ஸைனுலாப்தீன். "இந்த எண்ணெயில ஓட்டோ ஸ்டார்ட்டே வராது. நாம இஞ்ச எப்படி வந்த?"

ஜெமீல் யன்னலை விட்டுத் திரும்பினான்.

"பீப்பா எண்ணெயில மிஞ்சினது ஓட்டோவில இருந்த, மச்சான். அதத்தான் ஊத்திக் கொண்டுவந்த."

"நீ உண்மையான பெற்றோலக் கொண்டுவந்திருந்தா, ஊருல இருக்கிற நூறு ஓட்டோவில ஒண்டு எண்டு நான் உட்டிருப்பன்."

"தெரியும். டாங்கிய திறக்கக் கை வரல்ல."

அதன் பிறகு அவன் சொன்னதைக் கேட்க நேரம் அதிகம் எடுக்கவில்லை. பெற்றோல் கிடைப்பது கஷ்டம் என்பதால், கிடைக்கிற நாளில் வாங்கி, பச்சை ஓயிலும் மண்ணெண்ணெயும் கலந்து போத்தலில் சேர்த்துவைப்பது அவன் வழக்கம். ஆனால் சோதனைச் சாவடியில் போத்தல் பெற்றோலைக் கண்டால் ஆமிக்காரன் பறித்துவிடுவான். மண்ணெண்ணெய்ப் போத்தலை ஒருவரும் தொடுவதில்லை. இந்தப் பக்கத்து ஊர்களில் மண்ணெண்ணெய்ப் போத்தலின் கழுத்தில் கயிறு கட்டித் தூக்கிப் போவார்கள். மற்ற எந்தப் போத்தலுக்கும் கயிறு இல்லை. கயிறு கண்டால் யாரும் மூடியைத் திறந்து மணந்து பார்ப்பதில்லை. ஜெமீல் தன் பெற்றோல் போத்தலுக்கு ஒரு கயிறு கட்டினான். சாவடியில் ஆமிக்காரன் ஏமாந்தான். வீட்டுக் குசினி மூலையில் வைத்தபோது ரஹ்மத்தும்மாவும் ஏமாந்தாள்.

விளக்குக்கு எண்ணெய் முடிந்த ஒரு நாளில் அவள் வேலிக்கு மேலால் ஸகியாவிடம் ஒரு போத்தல் கைமாற்று வாங்கியிருந்தாள். அதற்குப் பதிலாக அந்தக் கயிற்றுப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தாள். அந்தக் குசினியில் மண்ணெண்ணெய் என்றால் அது கபூர் நானாட கடை எண்ணெய்தான். அப்படித்தான் அவள் சொல்லிக் கொடுத்தாள், அப்படித்தான் ஸகியா ஆஸ்பத்திரியில் சொன்னாள். பொய் சொன்னவர் ஒருவரும் இல்லை.

"அண்டைக்கு வந்து பாத்தா மூலையில போத்தல் இல்ல" என்றான் ஜெமீல். "எங்க எண்டு ரஹ்மத்துக்கிட்டக் கேட்டன். ஸகியாக்குக் குடுத்திட்டன் எண்டா. நான் வேலியடிக்கு ஓட முந்தி வெடிச்சிட்டு."

"பொறகு ஏன் வாயப் பொத்திக்கிட்டு இருந்த?"

"பொறகு நீங்க வந்து கபூர் நானாட பீப்பா எண்டு செல்லிட்டீங்க. ஊரே ஓம் எண்டிட்டு. உங்கட மூக்குக்கு மேல நான் என்னத்தச் செல்ற மச்சான்?" அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்ப எனக்கு நிம்மதியா இருந்திச்சி. அதத்தான் என்னால தாங்க ஏலாம இருக்கி."

ஸைனுலாப்தீன் அவனை ஏச நினைத்தார். ஏசுவதற்கு ஒரு சொல் எடுத்தால் அது முதலில் தன் காலரில் வந்து விழும் என்று தெரிந்ததால் விட்டுவிட்டார். தர்சினி ஸ்பிரிட் விளக்கை மூடியால் அணைத்தார். அஸருக்கு இன்னும் நேரம் கிடக்கு, போங்க என்று மட்டும் சொன்னார்.

ஓட்டோவை ஜெமீல்தான் ஓட்டினான். ஸைனுலாப்தீன் கோட்டை ஆய்வுகூடத்திலேயே விட்டுவிட்டு, வெறும் ஷேர்ட்டோடு பின்னால் உட்கார்ந்திருந்தார். பொலிஸ் நிலையத்துக்குத் திரும்புகிற சந்தி வந்தது. நேரே போனால் அக்கரைப்பற்று, அதற்கும் அப்பால் ஒளிந்துகொள்ள ஊர்கள் இருக்கின்றன. ஜெமீல் சந்தியில் நிறுத்தி, கண்ணாடியில் மச்சானின் முகத்தைப் பார்த்தான். திரும்பு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை அந்த முகம். முன்னால் தங்கையின் புருஷன். கூட்டுக்குள் கபூர். இரண்டில் ஒருவர் இன்று மட்டக்களப்புக்குப் போயாக வேண்டும். தன் வாயால் அதைச் சொல்லாமல் தப்பிவிட முடியுமா என்று அந்த ஒரு நிமிடம் ஸைனுலாப்தீன் நினைத்தது உண்மை.

ஓட்டோ பொலிஸ் நிலையத்தின் பக்கம் திரும்பியது.

பொறுப்பதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கையெழுத்து வைக்கிற நேரத்தில் ஸைனுலாப்தீன் முன்னுக்கு வந்து, பிழையான சாட்சி சொன்னதற்குத் தன் பெயரையும் சேர்த்து எழுதும்படி கேட்டார். அதிகாரி பேனையை வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். மூக்குக்குச் சட்டப் புத்தகத்தில் பிரிவு இல்லை, வீட்டுக்குப் போங்க என்றார். பிரிவு இருந்திருந்தால் அன்றிரவு ஸைனுலாப்தீன் நன்றாகத் தூங்கியிருப்பார்.

கூட்டுக் கதவு திறந்தது. கபூர் வெளியே வர, ஜெமீல் உள்ளே போக வேண்டும். வாசல் ஒடுக்கமானது. இரண்டு பேரும் முகத்துக்கு முகம் நின்றார்கள். ஜெமீல் தலையைக் குனிந்துகொண்டான். அடிக்கப் போகிறார் என்று பொலிஸ்காரர்கூட ஒரு கால் முன்வைத்தார்.

"உள்ளுக்கு நுளம்புக்கடி கூட" என்றார் கபூர். "படுக்கக்குள்ள சாரத்த காலடி மட்டும் இழுத்து மூடிக்க."

ஜெமீல் தலை நிமிராமலே உள்ளே நுழைந்தான்.

ஸைனுலாப்தீன் வழியெல்லாம் ஒரு மன்னிப்பைச் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தார். கபூர் அவரைத் தாண்டும்போது, கடையில் எந்த நாளும் சொல்கிற மாதிரியே ஸலாம் சொல்லிவிட்டு நடந்தார். பதில் சொல்வது கடமை. ஸைனுலாப்தீனின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

வெளியே ஓட்டோ நின்றது. துப்பறியும் ஸைனுலாப்தீனுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அதைத் தள்ளிக்கொண்டு பிரதான வீதியில் நடந்தார். கல் விழுந்த கடைக் கண்ணாடியைத் தாண்டினார். எதிரே வந்தவர்கள், எந்த மாட்டை மோப்பம் பிடிக்கப் போறீங்க என்று கேட்டார்கள். தலையாட்டிவிட்டுத் தள்ளினார்.

தங்கையின் வீட்டுப் படலையில் ரஹ்மத்தும்மா அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நின்றாள். கையில் தூக்குச்சட்டி. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஸகியாக்குக் கஞ்சி குடுத்திட்டு வாறன் காக்கா. வலக்கை ஏலாதே, நான்தான் எந்த நாளும் தீத்தி உடுற. கபூர் நானாவ உட்டுட்டாங்களாம் எண்டு சனம் கதைக்கிது. அப்ப நான் குடுத்த போத்தல்ல பெற்றோலக் கலந்த பாவி ஆரு?"

ஸைனுலாப்தீன் ஓட்டோவை விட்டார். சொல்லத் தொடங்க முன்பு, அவள் கையிலிருந்த தூக்குச்சட்டியை வாங்கிக் கீழே வைத்தார்.